கோவளம் கடற்கரை: அமைதிக் காலத்தில் அலையும் வானிலையும் - பெருநாள் பயணம் செல்வோர் அறிய வேண்டியவை



நோன்புப் பெருநாள் தொழுகை முடிந்து, உறவினர் வீடுகளுக்குப் போய் வந்த பிறகு, ஒரு வேன் பிடித்துக் கடற்கரைக்குக் கிளம்புவது கலசப்பாக்கம், போளூர், ஆரணி வட்டாரக் குடும்பங்களில் வழக்கமாகிவிட்டது. தறிக்கும் கடைக்கும் விடுமுறை, பிள்ளைகளுக்குப் புத்தாடை, கையில் பெருநாள் காசு. மாமல்லபுரம், கோவளம், புதுச்சேரி என்று ஏதாவது ஓர் ஊர் முடிவாகிவிடும். மார்க்கம் அனுமதித்த மகிழ்ச்சிதான் இது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் நாம் கடற்கரை மக்கள் அல்லர். கலசப்பாக்கம் இருப்பது செய்யாற்றின் கரையில். அந்த ஆறும் ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கிறது. நம் பிள்ளைகள் நீச்சல் பழகியது கிணற்றிலும் ஏரியிலும். அங்கே தண்ணீர் நின்ற இடத்தில் நிற்கும். கடல் நீர் அப்படி நிற்பதில்லை. கிணற்றில் நன்றாக நீந்தத் தெரிந்த இளைஞர்கள்தான் துணிச்சலாக உள்ளே போகிறார்கள். ஆபத்தில் சிக்குவதும் பெரும்பாலும் அவர்களே.

கோவளம் கடற்கரையை எடுத்துக்கொண்டு, கடல் அமைதியாக இருக்கும் மாதங்களில் அங்கே அலையும் காற்றும் எப்படி இருக்கும், எந்த அமைதியை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்பதை இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

கோவளம் ஏன்?

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தெற்கே, முட்டுக்காட்டுக் கழிமுகத்தை அடுத்து இருக்கிறது கோவளம். நபித்தோழர் தமீமுல் அன்சாரி (ரலி) அவர்களுடையது என்று நம்பப்படும் தர்கா இங்கே இருப்பதால் வட மாவட்ட முஸ்லிம்களுக்கு நீண்ட காலமாகப் பழகிய ஊர். 2021-இல் இந்தக் கடற்கரைக்கு நீலக்கொடிச் சான்று கிடைத்தது. நீர்த் தூய்மைப் பரிசோதனை, உயிர்காக்கும் பணியாளர்கள், குளிக்கும் பகுதிக்கு எல்லை ஆகியவை இந்தச் சான்றுக்கான நிபந்தனைகளில் அடங்கும். தமிழ்நாட்டில் சர்ஃபிங் எனப்படும் அலைச்சறுக்கு வளர்ந்த இடங்களில் கோவளம் முதன்மையானது. மீனவக் குடும்பத்து இளைஞர்கள் பலர் இங்கே பயிற்றுநர்களாக இருக்கிறார்கள்.

அமைதிக் காலம் எப்போது?

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். அப்போது வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வும் புயலும் வரும், கடல் கொந்தளிக்கும். ஜனவரியில் வாடைக்காற்று மெல்ல ஓயும். பிப்ரவரியும் மார்ச் முற்பகுதியும் சென்னை, செங்கல்பட்டுக் கரையில் மிகவும் அமைதியான நாட்கள். மழை அரிது. பகல் வெப்பம் பிப்ரவரியில் 30, 31 டிகிரி செல்சியஸ். மார்ச்சில் 33 டிகிரியை ஒட்டி இருக்கும். அலை உயரம் பொதுவாக அரை மீட்டர் முதல் ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடும்.

சர்ஃபிங் வீரர்களுக்கு இது மந்தமான காலம். அவர்கள் எதிர்பார்ப்பது தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களை. 2023-இல் மாமல்லபுரத்தில் நடந்த சர்வதேச சர்ஃபிங் போட்டியை ஆகஸ்ட் மாதத்தில் வைத்ததும் அதனால்தான். புதிதாகக் கற்றுக்கொள்பவர்களுக்கோ பிப்ரவரி, மார்ச் மாதச் சிற்றலைகள் ஏற்றவை.

2025-இல் நம் நாட்டில் நோன்புப் பெருநாள் மார்ச் 31 அன்று வந்தது. சந்திர ஆண்டு ஒவ்வொரு முறையும் 10, 11 நாட்கள் முன்னால் நகர்கிறது. ஆகவே இன்னும் சில ஆண்டுகளுக்குப் பெருநாள் இந்த அமைதிக் காலத்திலேயே வரும். கடலைப் பார்த்ததும் "குளம் மாதிரி இருக்கிறதே" என்று தோன்றும் நாட்கள் இவை. அந்த எண்ணத்தில்தான் கவனம் தேவை.

ஒரு நாளுக்குள் கடல் மாறும் விதம்

அமைதிக் காலத்திலும் காலைக் கடல் வேறு, மாலைக் கடல் வேறு. இரவில் நிலம் விரைவாகக் குளிர்வதால் காற்று கரையிலிருந்து கடலை நோக்கி மெதுவாக வீசும். ஃபஜ்ருக்குப் பிறகு சில மணி நேரம் கடல் கண்ணாடி போல் இருப்பதற்கு இதுவே காரணம். வெயில் ஏறியதும் நிலம் சூடாகி, நண்பகலை ஒட்டிக் கடல்காற்று தொடங்கும். லுஹருக்குப் பிறகு அது வலுத்து, அஸர் நேரத்தில் நீர்ப்பரப்பு கலங்கி, குட்டை அலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். மக்ரிபுக்குப் பிறகு காற்று தணியலாம். ஆனால் இருட்டில் அலையும் தெரியாது, தண்ணீரில் இருக்கும் பிள்ளையும் தெரியாது.

நம் பயணம் எப்படி அமைகிறது என்று பாருங்கள். கலசப்பாக்கத்திலிருந்து ஆரணி, செய்யாறு, காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருப்போரூர் வழியாகக் கோவளம் போக, வழியில் நிறுத்தங்களையும் சேர்த்தால் நான்கு மணி நேரமாவது ஆகும். பெருநாள் தொழுகை முடித்து, சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் கடற்கரையில் கால் வைப்பது அஸரை ஒட்டி. காற்று வலுத்திருக்கும், கூட்டம் மிகுந்திருக்கும், வெளிச்சம் குறைந்துகொண்டே போகும். "வந்ததே லேட், சீக்கிரம் இறங்குங்கள்" என்ற அவசரமும் சேர்ந்துகொள்ளும்.

பெருநாளுக்கு மறுநாள் அதிகாலையில் கிளம்பி, காலை 10 மணிக்குள் கடற்கரையை அடைந்து, லுஹருக்கு முன் தண்ணீரை விட்டு வெளியே வந்துவிடுவது நல்ல திட்டம். பயணத்தில் தொழுகையைச் சுருக்கித் தொழும் சலுகை பற்றி உங்கள் பள்ளிவாசல் இமாமிடம் முன்னரே கேட்டுக்கொண்டால் தொழுகைக்காகவும் பதற்றப்பட வேண்டியிருக்காது.

பிறையைப் பார்த்து ஓதத்தை அறியலாம்

கடல் மட்டம் ஒரு நாளில் இரண்டு முறை ஏறி இரண்டு முறை வற்றுகிறது. இதையே ஓதம் என்கிறோம். சந்திரனும் சூரியனும் பூமியின் நீரை ஈர்ப்பதால் இது நிகழ்கிறது. அமாவாசையிலும் பௌர்ணமியிலும் இரண்டின் ஈர்ப்பும் ஒரே கோட்டில் சேர்வதால் ஏற்றம் மிகுதி, வற்றமும் மிகுதி. அரைநிலா நாட்களில் வேறுபாடு குறைவு.

பிறைக் கணக்கில் வாழும் நமக்கு இதைத் தெரிந்துகொள்ள அட்டவணை தேவையில்லை. ஹிஜ்ரி மாதத்தின் முதல் சில நாட்களிலும், 14 முதல் 17 வரையிலும் பெரிய ஓதம். 7, 8 தேதிகளை ஒட்டியும் 22, 23 தேதிகளை ஒட்டியும் சிறிய ஓதம். நிலவின் நிலைக்கு ஓரிரு நாள் கழித்தே கடல் முழு ஏற்றத்தைக் காட்டும். ஏற்ற நேரம் ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும்.

இதிலிருந்து ஒரு செய்தி தெளிவாகிறது. நோன்புப் பெருநாள் எப்போதும் ஷவ்வால் பிறை 1. அது எந்த மாதத்தில் வந்தாலும் பெரிய ஓதம் உள்ள நாட்களிலேயே வரும். பிறை 2, 3 அன்று போனாலும் அப்படியே. தியாகத் திருநாள் துல்ஹஜ் பிறை 10-இல் வருவதால் அப்போது ஓதம் குறைவு. ஆனால் இப்போதைய ஆண்டுகளில் அது மே, ஜூன் மாதங்களில் வருவதால் அலைகள் பெரிதாக இருக்கும்.

சென்னைக் கரையில் பெரிய ஓதத்தின்போதும் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். குஜராத்தின் கம்பாத் வளைகுடாவில் இது 10 மீட்டர் அளவுக்கு இருக்கும். அதனோடு ஒப்பிட்டால் நம் கரையில் சிறிது. ஆனால் பத்து வயதுப் பிள்ளையின் இடுப்பளவு நீர் கழுத்தளவு ஆவதற்கு இந்த ஒரு மீட்டர் தேவையே இல்லை, அதில் பாதி போதும். கழிமுகங்களில் நீர் வற்றும் நேரத்தில் உள்ளே இருக்கும் தண்ணீர் கடலை நோக்கி வேகமாக ஓடும். முட்டுக்காட்டுக் கழிமுகத்தின் வாய்ப்பகுதியில் ஆழம் குறைவாகத் தெரிந்தாலும் குளிக்க இறங்கவே கூடாது.

காற்றில்லாத நாளில் வரும் அலை

அலை என்றால் காற்றும் புயலும் இருக்க வேண்டும் என்றே நாம் நினைக்கிறோம். ஆனால் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தொலைவில், இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் வீசும் பெரும் காற்று எழுப்பும் அலை, பல நாட்கள் பயணம் செய்து நம் கரைக்கு வரும். அப்போது இங்கே வானம் தெளிவாக இருக்கும், காற்றும் இருக்காது. கேரள மீனவர்கள் இதைக் 'கள்ளக்கடல்' என்பார்கள். திருடனைப் போல் சொல்லாமல் வருவதால் அந்தப் பெயர். மார்ச் பிற்பகுதியிலிருந்து மே வரை இது மிகுதி.

2024 மார்ச் 31 அன்று கேரளக் கடற்கரையின் பல இடங்களில் கடல் நீர் வீடுகளுக்குள் புகுந்தது. ஹைதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம், அதாவது இன்காய்ஸ், அதற்கான காரணத்தை விளக்கியது. இந்தியக் கரையிலிருந்து ஏறத்தாழ 10,000 கிலோமீட்டர் தொலைவில் அதற்கு ஒரு வாரம் முன்பு உருவான அலைகளே அவை.

அடுத்த சில வாரங்களில் நம் மாநிலத்திலேயே ஒரு துயரம் நிகழ்ந்தது. 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரம் அருகே லெமூர் கடற்கரையில், திருமணத்துக்காக வந்திருந்த மருத்துவ மாணவர்கள் 5 பேரை அலை இழுத்துச் சென்று பலிகொண்டது. புயல் ஏதும் இல்லை. கள்ளக்கடல் எச்சரிக்கையை இன்காய்ஸ் முன்பே வெளியிட்டிருந்தது. அமாவாசைக்கு இரண்டு நாள் முன்பான நாள் அது. படித்த, உடல் வலிமையுள்ள இளைஞர்கள் அவர்கள். எச்சரிக்கை வெளியாகியும் அந்தத் துயரத்தைத் தடுக்க முடியவில்லை.

கோவளம் பகுதிக்கு இந்த அலைகள் கேரளத்தில் வருவதுபோல் முழு வேகத்தோடு வருவதில்லை. இலங்கைத் தீவு இடையில் நின்று ஒரு பகுதியைத் தடுத்துவிடுகிறது. தீவின் கிழக்கே கடந்து வருபவை நம் கரையை எட்டும்.

முன்னறிவிப்பை எப்படிப் படிப்பது?

இன்காய்ஸ் இணையதளத்தில் கடற்கரைப் பகுதிவாரியாகக் கடல்நிலை முன்னறிவிப்பு கிடைக்கிறது. சென்னை வானிலை ஆய்வு மையம் நாள்தோறும் வானிலை அறிக்கையும் மீனவர் எச்சரிக்கையும் வெளியிடுகிறது. தமிழக அரசின் 'டிஎன் அலர்ட்' செயலியிலும் எச்சரிக்கைகள் வரும். கிளம்புவதற்கு முதல் நாள் இரவும், கிளம்பும் காலையும் குடும்பத்தில் ஒருவர் இவற்றைப் பார்த்துவிட வேண்டும். கவனிக்க வேண்டியவை நான்கு.

1. அலை உயரம். ஒரு மீட்டருக்குள் இருந்தால் கடல் அமைதி. ஒன்றரை மீட்டரைத் தாண்டினால் குடும்பத்தோடு தண்ணீரில் இறங்கும் எண்ணத்தைக் கைவிடலாம். முன்னறிவிப்பில் சொல்லப்படுவது ஒரு வகைச் சராசரி. இடையிடையே அதைவிடப் பெரிய அலைகளும் வரும்.

2. அலை இடைவெளி. ஓர் அலைக்கும் அடுத்ததற்கும் இடையே உள்ள விநாடிகள் இவை. பலரும் இதைப் பார்ப்பதில்லை. பக்கத்துக் காற்று எழுப்பும் அலைக்கு 5 முதல் 8 விநாடி. தொலைவிலிருந்து வரும் அலைக்கு 12 விநாடிக்கு மேல். ஒரே உயரமுள்ள இரண்டு அலைகளில், 16 விநாடி அலை சுமந்து வரும் ஆற்றல் 8 விநாடி அலையைப் போல் இருமடங்கு. உயரம் குறைவு, இடைவெளி அதிகம் என்று இருந்தால் அன்று கடல் நம்மை ஏமாற்றும் நாள்.

3. காற்று. அதன் வேகத்தையும், மாலையில் அது கூடுமா என்பதையும் பாருங்கள்.

4. எச்சரிக்கை நிறம். மஞ்சள் என்றால் விழிப்பாக இருக்க வேண்டும். ஆரஞ்சு, சிவப்பு என்றால் கடலில் இறங்கக்கூடாது. கடலோரம் மணலில் உட்காருவதும் வேண்டாம்.

இவற்றோடு பிறை தேதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கரைக்குப் போன பிறகு

போனதும் இறங்காமல் 15, 20 நிமிடம் கடலைப் பாருங்கள். அலைகள் கூட்டம் கூட்டமாக வரும். சில நிமிடம் சிற்றலைகள், பிறகு நான்கைந்து பெரிய அலைகள், மீண்டும் ஓய்வு. அந்த ஓய்வில் போய் நிற்பவர்களைத்தான் அடுத்த கூட்டம் அடித்து வீழ்த்துகிறது.

இழுப்பு நீரோட்டத்தை அடையாளம் காணுங்கள். அலைகள் கரைக்குக் கொண்டுவந்த நீர் திரும்பிப் போயாக வேண்டும். அது மணல் மேடுகளுக்கு இடையே உள்ள பள்ளத்தின் வழியே ஓர் ஓடையாகக் கடலுக்குள் பாயும். இரு பக்கமும் அலை நுரைத்து உடையும்போது நடுவில் மட்டும் உடையாமல், நிறம் சற்றுக் கருத்து, அமைதியாக ஓர் இடம் தெரியும். "இங்கே அலையே இல்லை, பிள்ளைகளை இங்கே விடலாம்" என்று நாம் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் அந்த இடத்தைத்தான். உண்மையில் அதுவே மிகவும் ஆபத்தான இடம். உயிர்காக்கும் பணியாளரிடம் கேட்டு, அவர் காட்டும் எல்லைக்குள் மட்டும் நில்லுங்கள். கொடி கட்டிய பகுதியை விட்டுத் தனிமை தேடித் தள்ளிப் போக வேண்டாம். பெண்களுக்குக் கூச்சமில்லாத இடம் வேண்டும் என்று ஆளில்லாத பக்கமாகப் போவது நம் குடும்பங்களில் நடக்கிறது. அதைவிட, கூட்டம் சேராத காலை நேரத்தில் பாதுகாப்பான பகுதிக்கே வருவது நல்லது.

உடையைக் கவனியுங்கள். சேலை, புர்கா, அபாயா எல்லாம் நனைந்தால் எடை கூடிக் காலைச் சுற்றிக்கொள்ளும். விழுந்தால் எழுவது கடினம். கண்ணியமான, கால்களைத் தடுக்காத உடையோடு வாருங்கள். அப்படி இல்லையென்றால் கணுக்கால் அளவு நீரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர் என்று பெயர் சொல்லிப் பொறுப்புக் கொடுங்கள். "எல்லாரும் பார்த்துக்கொள்வோம்" என்றால் யாரும் பார்க்கமாட்டார்கள். கைபேசியில் படம் எடுப்பவர் காவல் ஆகமாட்டார். வரிசையாகக் கைகோத்து நிற்பது பாதுகாப்பு என்று எண்ண வேண்டாம்; ஒருவர் சாய்ந்தால் வரிசையே சாயும்.

இழுத்துச் செல்லப்பட்டால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தக்கூடாது. களைத்துப் போவதே உயிரிழப்புக்குக் காரணம். மல்லாந்து மிதந்து, ஒரு கையை உயர்த்தி உதவி கேளுங்கள். உப்பு நீர் உடலை ஓரளவு தாங்கும். நீந்தத் தெரிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து, இழுப்பு விட்டதும் கரை திரும்பலாம்.

பார்த்துக்கொண்டிருப்பவர் பின்னாலேயே குதிக்கக்கூடாது. ஒரே குடும்பத்தில் இரண்டு, மூன்று பேர் போய்விடுவது இப்படித்தான். உயிர்காப்பாளரையும் மீனவர்களையும் கூப்பிடுங்கள். காலித் தண்ணீர் கேன், பந்து, கயிறு என எது கிடைத்தாலும் வீசுங்கள். 112 அல்லது 108 எண்ணை அழையுங்கள். கரை சேர்த்தவரைத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும் வயிற்றை அமுக்குவதும் தவறு. மூச்சில்லை என்றால், பயிற்சி உள்ளவர் உடனே செயற்கைச் சுவாசமும் மார்பழுத்தமும் தர வேண்டும். எழுந்து உட்கார்ந்து பேசினாலும் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். நுரையீரலில் புகுந்த நீரால் சில மணி நேரம் கழித்தும் மூச்சுத் திணறல் வரலாம்.

முன்னறிவிப்பும் நம் ஈமானும்

"நாளைய அலையைச் சொல்வது மறைவான ஞானத்தில் கை வைப்பதாகாதா?" என்று சிலர் கேட்கிறார்கள். ஆகாது. பிறையைக் கணக்கிடுவது போல, அல்லாஹ் இந்த உலகில் வைத்திருக்கும் ஒழுங்கைப் பார்த்துச் சொல்லும் மதிப்பீடே இது. தவறவும் கூடும். முடிவு அவனிடமே. ஆகவே முன்னறிவிப்பைப் பார்த்துவிட்டு 'இன்ஷா அல்லாஹ்' என்கிறோம்.

யூனுஸ் அத்தியாயத்தின் 22-ஆம் வசனம் ஒரு காட்சியைக் காட்டுகிறது. இதமான காற்றில் மகிழ்ந்து பயணம் செய்தவர்களை எல்லாப் பக்கமிருந்தும் அலை சூழ்ந்துகொள்ளும் காட்சி அது. கடலின் அமைதி நம் கையில் இல்லை என்பது அதில் நமக்குள்ள பாடம். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பிறகு அல்லாஹ்வின் மீது பொறுப்பைச் சாட்டச் சொன்ன நபி (ஸல்) அவர்களின் வழிகாட்டலும் நமக்குத் தெரியும். நீரில் மூழ்கி இறப்பவருக்கு ஷஹீதின் அந்தஸ்து உண்டு என்ற நபிமொழி, இழந்து தவிக்கும் பெற்றோருக்கான ஆறுதல். அதை அலட்சியத்துக்குச் சாக்காக யாரும் எடுத்துக்கொள்ள முடியாது.

ஜமாஅத்தினருக்கு ஒரு வேண்டுகோள். பெருநாளுக்கு முந்தைய ஜும்ஆவில், கடற்கரை செல்வோருக்கான இந்த எச்சரிக்கையை இரண்டு நிமிடம் அறிவியுங்கள். பெருநாள் அன்று கடல் எச்சரிக்கை வந்திருந்தால் தொழுகைக்குப் பின் ஒலிபெருக்கியில் சொல்லுங்கள். கரையோர ஊர்களில் மீனவச் சங்கங்கள் செய்வதை, உள்நாட்டில் இருக்கும் நம் பள்ளிவாசல்களும் செய்யலாம். வேன் கிளம்புவது நம் ஊரிலிருந்துதானே.

போன அத்தனை பேரும் அதே வேனில் திரும்பி வருவதுதான் பெருநாள் மகிழ்ச்சி. அல்லாஹ் நம் பயணங்களையும் நம் பிள்ளைகளையும் பாதுகாப்பானாக. ஆமீன்.